ஃபோர்க்லிஃப்ட் ஓடும் குடோனில் ஆள் அடிபடாமல் பார்த்துக்கொள்வது எப்படி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், செங்குன்றம், மணலி என்று சென்னையைச் சுற்றி எந்தக் குடோனுக்குள் போனாலும் இரண்டரை டன் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றாவது ஓடிக்கொண்டிருக்கும். இரண்டரை டன் என்பது அது தூக்கும் எடை. வண்டியின் சொந்த எடை ஏறக்குறைய நாலு டன், அதாவது நாலைந்து சின்னக் கார்களின் எடை. முழு லோடுடன் ஆறரை டன். அதில் பத்தில் ஒன்பது பங்கு முன்சக்கரம் இரண்டின் மேல் இறங்கும். ஒரு சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று டன்.

காலில் சேஃப்டி ஷூ இருக்கிறதே என்று நம்புபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். ஐஎஸ் 15298 தரத்து ஷூவின் இரும்பு முனையை 15 கிலோநியூட்டன், அதாவது சுமார் ஒன்றரை டன் அழுத்தம் வரைதான் சோதிக்கிறார்கள். பெட்டி விழுந்தால் விரல் தப்பும். லோடு ஏற்றிய வண்டியின் முன்சக்கரம் ஏறினால் தப்பாது. இரும்பு இருப்பதும் விரல்களுக்கு மேலே மட்டும்தான். புறங்காலுக்கும் கணுக்காலுக்கும் வெறும் தோல். ஷூ கட்டாயம் வேண்டும், ஆனால் வண்டிக்கு எதிரான பாதுகாப்பாக அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

எனவே முதல் வேலை, ஆளும் வண்டியும் ஒரே இடத்தில் இல்லாதபடி செய்வது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. விபத்து அறிக்கையில் “ஆபரேட்டரின் கவனக்குறைவு” என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டால், அதே திருப்பத்தில் அடுத்த மாதம் இன்னொருவர் அடிபடுவார். புது ஆபரேட்டரை வைத்தாலும் திருப்பம் பழையதுதானே?

ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பாருங்கள்

பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் ஒரு சாக்பீஸும் குடோனின் வரைபடமும் எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஷிஃப்ட் தொடக்கம், சாப்பாட்டு நேரம், மாலை லாரிகள் குவியும் நேரம் மூன்றையும் பார்ப்பது முக்கியம். வண்டி போகும் தடத்தை ஒரு நிறத்திலும், ஆட்கள் நடக்கும் தடத்தை இன்னொரு நிறத்திலும் வரையுங்கள். ஆட்கள் நடக்க வேண்டிய தடம் வேறு, உண்மையில் நடக்கும் தடம் வேறு. வரைய வேண்டியது இரண்டாவதை. இரண்டு நிறமும் வெட்டும் இடங்களை எண்ணுங்கள். நடுத்தரக் குடோனிலேயே பத்து, பதினைந்து இடங்கள் தேறும்.

அடுத்து, அங்கே ஆட்கள் ஏன் குறுக்கே போகிறார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் மிகச் சாதாரணமாக இருக்கும். தண்ணீர் கேன் எதிர்ப்பக்கச் சுவரோரம் இருக்கும். கைரேகை வைக்கும் மெஷின், லாரி வந்து நின்று சரக்கு ஏற்றி இறக்கும் டாக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். கழிவறைக்குப் போக ரேக் சந்து வழிதான் குறுக்கு வழி. லாரி டிரைவர் இன்வாய்ஸ் வாங்க சரக்கு ஏற்றும் தளத்தைத் தாண்டி ஆபீஸ் வரை நடக்க வேண்டியிருக்கும். தண்ணீர் கேனை இடம் மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை. அதனால் ஒரு நாளில் நூறு குறுக்கு நடை குறையும். கண்ணாடி, விளக்கு, சைரன் எதற்கும் இந்த அளவு பலன் கிடையாது. லாரி டிரைவருக்கு டாக் பக்கத்திலேயே ஒரு சின்ன ஜன்னலும் உட்கார ஒரு பெஞ்சும் கொடுங்கள். அவருக்கு உங்கள் குடோனின் வழக்கம் எதுவும் தெரியாது; ராத்திரி முழுக்க ஓட்டி வந்த களைப்பும் இருக்கும். உள்ளே விடக் கூடாத முதல் ஆள் அவர்தான்.

மாற்ற முடியாத இடங்களுக்குத்தான் தடுப்பு. தரையில் மஞ்சள் கோடு மட்டும் போட்டால் ஆறு மாதத்தில் டயர் தேய்த்து அழித்துவிடும். அழியும் முன்பே அதன் மேல் பேலட் (சரக்கு வைக்கும் பலகைத் தட்டு) அடுக்கியிருப்பார்கள். நடைபாதைக்கு ஒரு மீட்டர் அகலமாவது விட்டு, இரும்புக் குழாய்த் தடுப்பைத் தரையில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். நடைபாதை வண்டித் தடத்தைக் கடக்கும் இடத்தில், தன் பக்கம் இழுத்துத் திறக்கும் சின்ன கேட் வையுங்கள். தள்ளித் திறக்கும் கேட் ஆளை நேராகத் தடத்துக்குள் கொண்டுபோய் விடும். இழுக்கும் கேட்டுக்கு ஒரு நொடி நின்றாக வேண்டும். அந்த ஒரு நொடிக்காகத்தான் கேட்.

வேகத்தையும் தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 2.8 மீட்டர். ஆபரேட்டர் ஆளைப் பார்த்து பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடி ஆகும். பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே வண்டி ஏறக்குறைய மூன்று மீட்டர் வந்துவிடும். ரேக் முனையிலிருந்து ஒருவர் வெளியே வந்து நிற்கும் தூரமே அவ்வளவுதான். அதனால் ஆட்கள் கடக்கும் இடங்களில் 5 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். பாட்டரி வண்டிகளில் சர்வீஸ் ஆளிடம் சொன்னால் கன்ட்ரோலரிலேயே அதிகபட்ச வேகத்தைக் குறைத்துவிடுவார். போர்டு எழுதி மாட்டுவதைவிட அது நல்லது.

ஹாரனுக்கு இடம் குறித்துக் கொடுங்கள்: ரேக் முனை, கதவு, டாக்குக்குத் திரும்பும் வளைவு. எல்லா இடத்திலும் அடித்தால் காது பழகிப்போகும். வண்டியிலிருந்து தரையில் விழும் நீல விளக்கு குடோனின் உள்ளே, அரை இருட்டில், நன்றாக உதவும். வெயில் விழும் டாக் வாசலில் அது கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு விஷயம், மொழி. லோடிங் வேலையில் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்துத் தோழர்கள் பாதிப்பேர் இருக்கும் குடோனில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் மட்டும் தொங்கினால் பாதிப்பேருக்கு அது வெறும் தகரம். படம் போடுங்கள், இந்தியிலும் எழுதுங்கள். “நில்” என்பதற்கு ஒரே ஒரு கைச்சைகையை வைத்துக்கொண்டு, சேரும் முதல் நாளே எல்லோரையும் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

காலையில் சாவி போடும் முன்

இதற்குப் பத்து நிமிடம் போதும். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடத்தை சூப்பர்வைசர் ஒதுக்கித்தர வேண்டும். லாரி நிற்கிறது என்று அவசரப்படுத்தினால் ஆபரேட்டர் பார்க்காமலே செக்லிஸ்ட் முழுவதும் டிக் அடித்துவிடுவார்.

வண்டி நின்ற இடத்தின் தரையிலிருந்து தொடங்குங்கள். எண்ணெய்ச் சொட்டு புதிதாக இருந்தால் எங்கிருந்து என்று பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஹைட்ராலிக் குழாயில் கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. உள்ளே 150 பார் (அழுத்தத்தின் அலகு) அளவுக்கும் மேல் அழுத்தம் இருக்கும். லாரி டயரில் இருப்பது எட்டு பார்தான். ஊசித்துளையில் பீறும் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே எறும்பு கடித்த அளவுக்குப் புள்ளி தெரியும், முதலில் வலியும் அதிகம் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போகும். அட்டைத் துண்டு ஒன்றைக் குழாயோரம் நகர்த்துங்கள்; அதில் ஈரம் படும் இடத்தில் கசிவு. யாருக்காவது குத்திவிட்டால் மருந்துக்கடைக்கு அல்ல, நேராக அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான். “ஹைட்ராலிக் எண்ணெய் அழுத்தத்தோடு உள்ளே போயிருக்கிறது” என்று டாக்டரிடம் வார்த்தைக்கு வார்த்தை சொல்லுங்கள்.

பிறகு ஃபோர்க். இரண்டு கம்பிகளும் செங்குத்தாக மடங்கும் வளைவில்தான் தேய்மானமும் விரிசலும் வரும். புதிதில் 40 மி.மீ. கனம் இருந்தது 36 ஆனால் கழற்றிவிட வேண்டும். பத்து சதவீதம் தேய்ந்ததுதானே என்று தோன்றும். ஆனால் வளையாமல் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.9 பெருக்கல் 0.9 என்றால் 0.81. பலத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருக்கும். தேய்ந்த ஃபோர்க்கை வெல்டிங் பட்டறையில் கொடுத்து மேலே உலோகம் ஏற்றுவதை யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சூடுபட்ட இடத்தில் எஃகின் பதம் போய், சொல்லாமல் கொள்ளாமல் உடையும். இரண்டு முனைகளின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். ஃபோர்க் நீளத்தில் மூன்று சதவீதத்துக்கு மேல் ஏற்றத்தாழ்வு இருந்தால் ஒன்று வளைந்திருக்கிறது என்று அர்த்தம்.

மாஸ்ட் என்பது ஃபோர்க் ஏறி இறங்கும் செங்குத்துச் சட்டம். அதன் செயினில் புதிதாக 300 மி.மீ. இருந்த கண்ணிகள் 309 ஆகிவிட்டால் மாற்ற வேண்டும். இதை மாதம் ஒருமுறை அளந்தால் போதும். தினமும் பார்க்க வேண்டியது, இரண்டு செயினும் ஒரே இறுக்கத்தில் இருக்கின்றனவா என்பது. கையை மாஸ்ட்டுக்குள் விட வேண்டாம், வெளியிலிருந்து ஒரு குச்சியால் அழுத்திப் பாருங்கள்.

டயர், வீல் நட்டு, பிரேக், பார்க்கிங் பிரேக், ஸ்டியரிங் ஆட்டம், ஹாரன், விளக்கு, ரிவர்ஸ் சத்தம், சீட் பெல்ட் இவையெல்லாம் ஆபரேட்டருக்குப் பழகியவை. ரிவர்ஸ் சத்தம் தலைவலிக்கிறது என்று ஒயரைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்று மட்டும் தனியாகப் பாருங்கள். பெல்ட்டை முதலிலேயே கொக்கியில் மாட்டி அதன் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் பழக்கமும் பரவலாக உண்டு. சீட்டில் ஆளே இல்லாதபோதும் பெல்ட் கொக்கியில் மாட்டியபடி இருந்தால் அதுதான் நடக்கிறது.

ஆயுதபூஜை முடிந்த மறுநாள் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. சந்தனமும் குங்குமமும் வைக்கும் ஆசையில் மாஸ்ட் அருகே இருக்கும் திறன் தகட்டின் மேலேயே பொட்டு வைத்திருப்பார்கள். காய்ந்தால் எழுத்து தெரியாது. ஈரத்துணியால் துடைத்து, எண்கள் படிக்கும்படி இருக்கின்றனவா என்று பாருங்கள். மேலே கட்டிய மாலை கண்ணை மறைத்தால் அதையும் எடுத்துவிடுங்கள். பூஜை நல்லதுதான், தகடு அதைவிட அவசியம்.

அந்தத் தகட்டில் இருப்பதை வாசிக்கும் முறை

தகட்டில் 2500 கிலோ என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்துவதால்தான் வண்டி முன்பக்கம் குப்புற விழுகிறது. அருகில் 500 மி.மீ. என்று இன்னொரு எண் இருக்கும். ஃபோர்க்கின் செங்குத்துப் பகுதியிலிருந்து சரக்கின் எடைமையம் வரையுள்ள தூரம் அது. ஒரு மீட்டர் நீளப் பேலட்டில் சரக்கு சீராக அடுக்கியிருந்தால் மையம் 500-ல் விழும். அப்போதுதான் 2500.

சரக்கு 1600 மி.மீ. நீளம் என்றால் மையம் 800-க்குப் போய்விடும். தராசில் ஒரு தட்டைத் தள்ளி மாட்டியது போல. தோராயக் கணக்கு இது: 2500 பெருக்கல் 500, வகுத்தல் 800. வருவது 1560 கிலோ. இது உண்மையைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும், ஆகவே பயமில்லாமல் நம்பலாம். ஃபோர்க் நீளம் சரக்கு நீளத்தில் மூன்றில் இரண்டு பங்காவது இருக்க வேண்டும். டிரம் பிடிக்கும் கிளாம்ப், கொக்கியில் தூக்கும் ஜிப் கை, நீட்டிப்பு ஃபோர்க் போன்ற எதை மாட்டினாலும் தகட்டின் எண் செல்லாது. கம்பெனியிடம் புதுத் தகடு கேட்டு வாங்க வேண்டும்.

பின்சக்கரம் லேசாகத் தூக்குகிறதென்றால் ஓவர்லோடு என்று ஆபரேட்டருக்குத் தெரியும். அப்போது இரண்டு ஹெல்பர்களைப் பின்னால் ஏறி நிற்கச் சொல்லி எடையைச் சமன் செய்வார்கள். அந்த இருவரும் நிற்கும் இடம் வண்டி ஆடினால் முதலில் வீசியெறியும் இடம். சரக்கைப் பிரித்து இரண்டு நடையாக எடுக்க வேண்டியதுதான், வேறு வழி இல்லை.

உயரமும் கணக்கில் வரும். நாலரை மீட்டர் உயரத்தில் லோடை வைத்துக்கொண்டு மாஸ்ட்டை மூன்றே டிகிரி முன்னால் சாய்த்தால் லோடு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர் முன்னே நகர்ந்துவிடும். அதனால்தான் ரேக்குக்கு நேராக, கிட்டே போய் நின்ற பிறகே உயர்த்த வேண்டும், பேலட் ரேக்கின் பீமுக்கு (குறுக்குச் சட்டம்) மேலே வந்த பிறகே சாய்வைத் தொட வேண்டும்.

ஓட்டும்போது

கார் லைசென்ஸ் இருப்பவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிவிடலாம் என்ற நினைப்பு பல இடங்களில் இருக்கிறது. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தால் திரும்பும். இடப்பக்கம் திருப்பினால் பின்புறத்து இரும்புப் பாளம் வலப்பக்கம் வீசும். ரேக்குக்கும் அந்தப் பாளத்துக்கும் நடுவே நிற்பவருக்கு ஒதுங்க இடமே இருக்காது. வண்டியைச் சுற்றி மூன்று மீட்டருக்குள் யாரும் நிற்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேட்டரிடம் பேச வேண்டுமானால் அவர் கண்ணைப் பார்த்து, அவர் ஃபோர்க்கைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்ட பிறகு கிட்டே போக வேண்டும்.

ஓடும்போது ஃபோர்க் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர், மாஸ்ட் சற்றே பின்சாய்வில். லோடு கண்ணை மறைத்தால் ரிவர்ஸில் போக வேண்டும், தலையை முழுக்கத் திருப்பி. சாய்தளத்தில் லோடு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்கட்டும்: ஏறும்போது முன்னோக்கி, இறங்கும்போது பின்னோக்கி. காலி வண்டிக்கு இது தலைகீழ், ஃபோர்க் பள்ளப் பக்கம். சாய்தளத்தின் நடுவில் திருப்பவே கூடாது.

காலி வண்டி ஆபத்தில்லை என்று வேகமாகத் திருப்புவார்கள். வண்டியைத் தாங்குவது ஒரு முக்கோணம்: முன்சக்கரங்கள் இரண்டு முனை, பின் அச்சின் நடுப்புள்ளி மூன்றாவது முனை. லோடு இல்லாதபோது எடைமையம் முக்கோணத்தின் ஒடுங்கிய பின்பகுதிக்குப் போய்விடும். அதனால் பக்கவாட்டில் கவிழ்வது காலி வண்டிக்குத்தான் எளிது. மாஸ்ட்டை உயர்த்தியபடி திரும்பினால் இன்னும் எளிது.

கவிழத் தொடங்கினால் குதிக்கக் கூடாது. குதிப்பவர் விழுவதும், மேல் கூண்டின் இரும்பு விளிம்பு விழுவதும் ஒரே இடத்தில். தலையோ நெஞ்சோ அதன் அடியில் மாட்டும். பெல்ட்டுடன் சீட்டில் இருங்கள், ஸ்டியரிங்கை இறுகப் பிடியுங்கள், கால்களைத் தரைத்தகட்டில் ஊன்றுங்கள், விழும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயுங்கள். நின்றுகொண்டே ஓட்டும், பின்னால் திறந்திருக்கும் ரீச் டிரக்குக்கு மட்டும் முறை வேறு: பின்னோக்கி இறங்கி விலகிவிட வேண்டும். இரண்டு வகையும் இருக்கும் குடோனில், எந்த வண்டியில் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தந்த வண்டியில் ஏற்றியே சொல்லிக்கொடுங்கள்.

டாக், கன்டெய்னர்

லாரிக்குள் வண்டி போகும் ஒவ்வொரு தடவையும் லாரி ஒரு மயிரிழை முன்னே தள்ளப்படும். இருபது நடையில், டாக்குக்கும் லாரிக்கும் நடுவே பாலமாகக் கிடக்கும் டாக் தகட்டின் உதடு நழுவும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். பின்சக்கரம் இரண்டுக்கும் கட்டை வைத்தே தீர வேண்டும். செங்கல் கட்டை ஆகாது. இதைவிட மோசம், ஏற்றி முடிந்தது என்று நினைத்து டிரைவர் லாரியை எடுத்துவிடுவது. லாரிச் சாவியை வாங்கி டாக் ஜன்னலில் ஆணியில் மாட்டிவிடுங்கள். கதவு மூடியபிறகுதான் சாவி. இந்த ஒரு பழக்கத்துக்கு ஈடான கருவி எதுவும் கிடையாது.

டிரெய்லரை எஞ்சினிலிருந்து கழற்றி நிறுத்தியிருந்தால் முன்பக்கக் கால்களை மட்டும் நம்ப வேண்டாம். வண்டி உள்ளே ஆழப் போனதும் முன்பக்கம் குப்புறச் சாயும். முன்னால் தனியாக ஜாக் தாங்கல் கொடுக்க வேண்டும். கன்டெய்னர் தரைப்பலகை இற்றுப்போயிருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள். டீசல் வண்டி மூடிய கன்டெய்னருக்குள் நெடுநேரம் ஓடினால் புகை தேங்கும். தலைசுற்றல், குமட்டல் வந்தால் காற்றுக்கு வெளியே கொண்டுவர வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் டாக் வாசல் நாள் முழுக்க ஈரம். சிமென்ட் தூசியோடு சேர்ந்த ஈரத்தில் சாலிட் டயர் வழுக்கும். வாசலுக்குள் நாலைந்து மீட்டர் வரை வேகத்தைப் பாதியாக்கி, ஷிஃப்டுக்கு ஒருவரைத் தரை துடைக்க வையுங்கள்.

“அண்ணே, கொஞ்சம் தூக்கி விடுங்க”

மேல் அடுக்கில் ஒரு பெட்டி சரிந்திருக்கும், டியூப்லைட் மாற்ற வேண்டியிருக்கும், ஸ்டாக் எண்ண வேண்டியிருக்கும். ஹெல்பர் காலி பேலட்டில் ஏறி நின்று கேட்பார், ஆபரேட்டரும் தூக்கிவிடுவார். ஐந்து நிமிட வேலை. பேலட் ஃபோர்க்கில் கட்டப்படவில்லை, மேலே பிடிமானமில்லை, கால் வைக்கும் பலகை சாதாரண ஆணி அடித்தது. நாலு மீட்டரிலிருந்து சிமென்ட் தரையில் தலைகீழாக விழுந்தால் பிழைப்பது கடினம். கை மாஸ்ட் செயினுக்குள் போய்விடுவதும் உண்டு.

“தூக்காதே” என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் பயனில்லை. மேலே ஏற வேண்டிய வேலை இருந்துகொண்டேதான் இருக்கும். சிசர் லிஃப்ட் ஒன்றை வாடகைக்காவது எடுங்கள், அல்லது கைப்பிடியுடன் சக்கரம் பூட்டும் மேடைப்படிக்கட்டு வாங்குங்கள். அது எங்கே நிற்கும், சாவி யாரிடம் என்பது ஹெல்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கிடைக்கப் பத்து நிமிடத்துக்கு மேலானால் மறுபடி பேலட்டில்தான் ஏறுவார்கள்.

ரேக் பற்றியும் இங்கேயே: தூணில் இடி வாங்கிய இடத்தில் ஒரு மீட்டர் நீள நேர்ப்பட்டையை வைத்துப் பாருங்கள். பீம் ஓடும் திசையில் 5 மி.மீ.-க்கு மேலோ, ரேக்கின் ஆழத் திசையில் 3 மி.மீ.-க்கு மேலோ நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்தத் தட்டுகளைக் காலி செய்துவிட்டு ரேக் கம்பெனியைக் கூப்பிடுங்கள். பீமின் பூட்டுப் பின்கள் விழுந்திருந்தால் உடனே போடுங்கள். இடித்ததைச் சொல்லும் ஆபரேட்டருக்குச் சம்பளத்தில் பிடித்தால், அடுத்த இடி யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

பாட்டரி சார்ஜ் செய்யும் இடத்தில் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் நாலு சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க. பீடி, வெல்டிங் வேண்டாம், காற்றோட்டம் வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் இடைவிடாமல் கழுவ வேண்டும், அதற்கேற்ற குழாய் சார்ஜருக்குப் பக்கத்திலேயே வேண்டும்.

அடிபட்டுவிட்டால்

சாவியை அணையுங்கள், பார்க்கிங் பிரேக் போடுங்கள், லோடை அசைக்க வேண்டாம். 108-க்கு ஒருவர் கூப்பிடட்டும். இன்னொருவர் கேட்டில் நின்று ஆம்புலன்ஸை உள்ளே கூட்டிவரட்டும். ஒரே மாதிரி ஷெட் இருபது நிற்கும் தொழிற்பேட்டையில் வழி தேடியே பல நிமிடம் போகும். ஷெட் எண்ணும் வழியும் எழுதிய தாள் போனுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும்.

கால் சக்கரத்துக்கு அடியில் இருந்தால் பதற்றத்தில் வண்டியைப் பின்னால் எடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். சக்கரம் மறுபடியும் காலின் மேலேயே உருளும். மற்ற சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கால் செங்குத்தாகத் தூக்கி, தூக்கத் தூக்க அடியில் மரக்கட்டை அடுக்கி, பிறகுதான் ஆளை எடுக்க வேண்டும். எத்தனை மணிக்கு மாட்டினார் என்று குறித்துக்கொண்டு 108-ல் பேசுபவரிடமும் டாக்டரிடமும் சொல்லுங்கள். நெடுநேரம் நசுங்கிய காலில் எடை விலகியதும் உடம்புக்குள் வேறு ஆபத்துகள் கிளம்பும், அவர்கள் அதற்குத் தயாராக வேண்டும்.

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எட்டிப் பார்க்க எடுக்க வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், மயக்க மருந்து தரவேண்டியிருக்கும். விரல் துண்டாகியிருந்தால் ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸில் வையுங்கள். ஐஸ் நேராக விரலில் படக் கூடாது.

ஆளை அனுப்பிய பிறகு வண்டியையும் லோடையும் நகர்த்தும் முன் படம் எடுங்கள்: டயர்த் தடம், ஃபோர்க் உயரம், லோடு கண்ணை எவ்வளவு மறைத்தது, விளக்கு எரிந்ததா. ஆபரேட்டர் சீட்டில் ஒருவர் உட்கார்ந்து, ஆள் நின்ற இடம் அங்கிருந்து தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் விசாரணையில் முதலில் எழுத வேண்டியது அதுதான். அடிபட்டவர் அந்த இடத்துக்கு ஏன் வந்தார் என்பது இரண்டாவது.

பிறகு காகிதம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் இஎஸ்ஐ-யில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தாக வேண்டும். வேலையில் அடிபட்டவருக்கு முதல் நாள் வேலைக்கு வந்தவராக இருந்தாலும் உரிமை உண்டு. இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை முதலாளிக்கு உண்டு. எனவே புதுக் காண்ட்ராக்ட் ஆள் வந்தால் இஎஸ்ஐ எண் இல்லாமல் குடோனுக்குள் விட வேண்டாம். 21,000-க்கு மேல் வாங்குபவருக்கு இழப்பீடு முதலாளி நேராகத் தர வேண்டியது.

விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதுங்கள்: நேரம், இடம், வண்டி எண், சாட்சிகள் பெயர். இஎஸ்ஐ-க்கு விபத்து அறிக்கையை உடனே அனுப்புங்கள். “பைக்கில் விழுந்தார்” என்று மருத்துவமனையில் சொல்லச் சொல்லி அனுப்பும் குடோன்கள் இருக்கின்றன. மருத்துவக் குறிப்பில் ஒருமுறை அப்படி ஏறிவிட்டால் வேலையில் பட்ட காயம் என்று பிறகு நிரூபிக்க அந்தக் குடும்பம் அலைய வேண்டும். கூடப் போகும் ஆள் சூப்பர்வைசராக இல்லாமல், சம்பவத்தைப் பார்த்த சக தொழிலாளியாக இருக்கட்டும். “குடோனில் ஃபோர்க்லிஃப்ட் மோதியது” என்று சேர்க்கைச் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டு, அதன் நகல் ஒன்றை அடிபட்டவர் வீட்டாரிடம் அவர் கொடுத்துவிட்டு வரட்டும்.